அப்பாவின் இடது தோளும் ஒன்பதாவது ரெஜிஸ்டரும்

என் அப்பாவின் இடது தோளில் நான் சும்மா கை வைத்ததே இல்லை. சின்ன வயதில் என்னைத் தூக்கிப் போனதும் வலது தோளில்தான். வீட்டில் உள்ள எல்லாப் போட்டோக்களிலும் அவருக்கு வலப்பக்கமே நிற்கிறேன்.

அப்பா கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில், ரோலர் மெஷினில் நின்றவர். உறைந்த ரப்பர் பாலை ரோலருக்குள் விட்டு ஷீட்டாக எடுக்கிற வேலை. மெஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரமா, துரை வருகிறாரா, எதற்கும் வலது தோளைத் தொடலாம். இடது தோளில் கை விழுந்தால் ஒரே அர்த்தம்தான்: கையை எடு, விலகு. ஏன் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது. விளையாட்டுக்குக்கூட எவரும் எவருடைய இடது தோளையும் தொடமாட்டார்கள். அதற்குச் சட்டமும் இல்லை, சுவரில் எழுதியதும் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் காதைத் தின்றுவிட்டது. அம்மா அந்த வழக்கத்தை அப்படியே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு. மழை விடாமல் அடித்தால் இடது தோளில் தட்டுவோம். அப்பா உடனே எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். மேடு சரிந்தாலும் மண் அங்கே எட்டாது. அம்மா போன பிறகு, அவர் தூங்கும்போது தட்டுவதற்கு நான் ஒருத்திதான்.

தொலைவில் இருக்கும் எம்பிலிப்பிட்டியவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, பாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று, அப்பாவின் இடது தோளில் கையைப் போட்டார். அப்பா டீயைக் கீழே வைத்தார், எழுந்தார், போய்விட்டார். வெளியே நல்ல வெயில். வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணைக் கொடுக்க மனமில்லை என்று நினைத்து, மாப்பிள்ளையின் அம்மா தாங்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அப்பா வராந்தாவில் வெறுங்காலோடு நின்று, ஏன் இவ்வளவு பிந்தி வருகிறாய் என்று என்னைத் திட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தமும் பேசி முடிந்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டால் அந்தத் தோளில் யார் தட்டுவார்கள்? கூட வாருங்கள் என்றால், "சம்பந்தி வீட்டுல போயி நான் ஒக்கார மாட்டேன்" என்று ஒரேயடியாக முடித்துவிட்டார்.

கேகாலையில் நான் வேலை செய்கிற சின்னக் கம்பெனி, மழையை அளந்து எச்சரிக்கும் பெட்டி செய்கிறது. கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் முதலில் ஓடி அதை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற புரோகிராம் என் பொறுப்பு. ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் மெத்தைக்கு அடியில் அதிரும் தகடு ஒன்றை வைத்து இணைத்தேன். என் கைக்குப் பதில் அந்தத் தகடு என்று அப்பாவிடமும் சொல்லிவைத்தேன். இது ஒழுங்காக வேலை செய்தால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். பாவம், சரி என்றார்.

பெட்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, திரும்பக் கரண்ட் வந்தால் எழும்பவில்லை. திரையில் ஒரு வரி வரும், பிறகு பேச்சுமூச்சில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் முதலில் போவதே கரண்ட்தான். அப்போது எழும்பாத பெட்டி எனக்கு எதற்கு?

பூட்லோடர் தொடங்கும்போது பெரிய நினைவகம் தயாராகியிருக்காது. பொதுவான தகவல்களை வழக்கமான இடத்தில் எழுதி வைக்க முடியாது. அதனால் அவற்றையெல்லாம் சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்தில் ஒரே கட்டாக வைத்து, கட்டு இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் ப்ராசசருக்குள் இருக்கும் குட்டி அறைகளில் ஒன்றில், அதாவது ஒரு ரெஜிஸ்டரில், பிடித்து வைப்போம். எங்கள் கோடில் அது ஒன்பதாவது ரெஜிஸ்டர். நாம் எழுதும் கோடை ப்ராசசரின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் அதைத் தொடாதே என்று சொல்லிவைக்கலாம். ப்ராசசருக்கோ ஒன்பதாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். கம்பைலர் பக்கமே போகாமல், அந்த மொழியிலேயே கையால் எழுதிய அசெம்பிளியைத் தட்டிக் கேட்க ஆளே கிடையாது.

பேட்டரி இறங்கியிருந்தால் மட்டும் ஓடுகிற ஒரு பழைய அசெம்பிளித் துண்டு இருந்தது. அதில் ஒன்பதாவது ரெஜிஸ்டரில் எதையோ போட்டுக் கூட்டிக் கழித்து, அப்படியே விட்டிருந்தான் எவனோ; அங்கே இருந்த கட்டின் முகவரி அதோடு போய்விட்டது. எழுதியவனை மனதுக்குள் நன்றாகக் கிழித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவன் எட்டாவதைத் தொடவே இல்லை. அவ்வளவு ஒழுங்காகச் சுற்றிப் போயிருந்தான். பழைய கோடுகளில் அந்தக் கட்டின் முகவரி எட்டாவதில்தான் இருந்தது. பின்னால் அதை ஒன்பதாவதற்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எட்டாவதை யாரும் எதற்கும் எடுக்கலாம். அவன் தன் வீட்டு வழக்கப்படி மரியாதையாகத்தான் நடந்திருக்கிறான். மாப்பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்து, ஆபீசில் தனியாகச் சிரித்தேன். ஒன்பதாவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சும்மா கிடந்த வேறொன்றைப் போட்டேன்.

அடுத்த லீவு நாளில், மத்தியானம் அப்பா படுத்திருக்கும்போது சோதித்தேன். பேட்டரியைக் காலியாக்கி, பிளக்கைப் பிடுங்கி, திரும்பக் குத்தினேன். திரையில் வரிகள் கடகடவென்று வந்தன. மழைமானியில் தண்ணீர் ஊற்றினேன். மெத்தை அதிர்ந்தது. அப்பா எழுந்து வெறுங்காலோடு வெளியே நடந்தார். நம்பிக்கை போதாமல் திரும்பத் திரும்பச் செய்தேன். "இன்னும் எத்தன தடவ என்னய ஓட்டப் போற?" என்று கேட்டுக்கொண்டே கடைசித் தடவையும் போனார்.

பின்னாலேயே போனேன். பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல் வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"கரண்டு போயி வந்தாலும் முழிச்சிக்கிடுமா?" என்றார்.

என் உதடு தெரியும்படி திரும்பி, முழித்துக்கொள்ளும் என்றேன்.

"அப்ப அந்த வேலைய பொட்டி பாத்துக்கிடும்" என்றார். என் கையைப் பிடித்து, தன் முதுகைச் சுற்றிக் கொண்டுபோய், இடது தோளில் வைத்தார்.

அவர் எழுந்துவிடுவாரோ என்று பயந்து கையைத் தூக்கப் பார்த்தேன். மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அந்தத் தோள் இவ்வளவு மெலிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே மழை பிடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.