பதினேழாம் எண் காற்றாலை

புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த அன்பழகன் ஒன்பது வருடம் கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கியவர். அங்கே கரிசல் காட்டில் உளுந்துக்கும் பருத்திக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்தான். ஒவ்வொன்றும் இருபத்தைந்து மாடி உயரம். உள்ளே ஏணி, உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் சின்ன அறை. இரண்டு பேராகத்தான் ஏற வேண்டும் என்பது விதி. அவருக்கு ஜோடி நெடுமாறன், அந்த ஊர்க்காரர்.

ஓர் ஆடி மாதத்து மதியம் பதினேழாம் எண் காற்றாலையில் எண்ணெய் கசிந்தது. சின்ன வேலைதான், நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டு நெடுமாறன் தனியாக ஏறினார். அன்பழகன் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாக்கிடாக்கி கரகரத்தது.

“அன்பு, கேக்குதா?”

கை எச்சிலாக இருந்தது. ஸ்பானர் ஏதாவது கேட்பான், முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டார். பிறகு கூப்பிட்டபோது பதில் இல்லை. ஏறிப்போய்ப் பார்த்தால் நெடுமாறன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

விசாரணையில் அந்த அழைப்பைப் பற்றி அன்பழகன் சொல்லவில்லை. ஊர் திரும்பி, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். குரலும் கூடவே வந்தது. மிஷின் சத்தத்தில் கேட்டது, ஹெல்மெட்டுக்குள் கேட்டது. “கேக்குது, சொல்லு” என்று அவர் வாய்விட்டுச் சொல்வார். ஆறு வருடம் பொறுத்துப் பார்த்த மனைவி ஹேமலதா ஒருநாள் சொன்னாள்: “அந்தப் பொம்பளகிட்ட போயி சொல்லிடுங்க. நானும் வர்றேன்.”

நெடுமாறனின் மனைவி சிவசங்கரி அதே காற்றாலைக்குப் பக்கத்தில் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்பழகன் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் நிமிரவில்லை. களையைப் பிடுங்கிக்கொண்டே பேசினாள்.

“எனக்கும் போன் வந்துச்சுண்ணே. அன்னைக்குக் காலையில சண்ட. வேணும்னுதான் எடுக்கல.”

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். ஹேமலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறக்கைகளின் நிழல் ஒவ்வொன்றாக மூவர் மேலும் ஏறி இறங்கிப் போனது. அண்ணாந்து பார்க்க அன்பழகனால் முடியவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே எப்படி இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

“நெலம் இங்கதான கெடக்கு” என்றாள்.

குரல் இன்னும் நிற்கவில்லை. கேட்கிற நாட்களில் அவர் சிவசங்கரிக்குப் போன் போடுகிறார். மழை உண்டா என்று விசாரிக்கிறார். அவளும் பூச்சி, விதை என்று ஏதாவது சொல்கிறாள். நெடுமாறன் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை.