அடி வாங்கித் தாண்டிய மூன்றாவது மாடி

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் பல வீடுகளில் டிவி கேம் இருந்தது. ஆனால் என்னிடமிருந்த அந்த ஒரு கேசட் வேறு யாரிடமும் இல்லை. தீப்பிடித்த கட்டடத்தில் தீயணைப்பு வீரன் மாடி மாடியாக ஏறி, உச்சியில் மாட்டிக்கொண்ட பூனையைக் காப்பாற்ற வேண்டும். நானும் எதிர்வீட்டு தோஸ்த்தும் பட்டன் தேயத் தேய ஆடினோம்.

பத்து வருஷம் கழித்து நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவன் பஜாரில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அங்கே போனேன்.

"இங்க வாடா, இன்னா கெடச்சிருக்கு பாரு."

திரையில் அதே தீயணைப்பு வீரன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், நம்பவே முடியாத வேகத்தில் ஆட்டத்தை முடித்து, அந்த வீடியோவை இதற்கென்றே இருக்கும் ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தார்.

அது எப்படி என்று படித்துத் தெரிந்துகொண்டோம். கம்ப்யூட்டரில் ஆட்டத்தைப் படம் படமாக நிறுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பட்டன் என்று முடிவு செய்ய வேண்டும். தப்பினால் பின்னால் போய்த் திருத்தலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஒரே மூச்சில் ஆடியது போலிருக்கும். இதை யாரும் மறைப்பதில்லை. கை வேகத்துக்கான போட்டி இல்லை இது. அந்த ஆட்டத்தை இதற்கு மேல் சீக்கிரமாக முடிக்கவே முடியாது என்னும் எல்லையைத் தேடுகிற வேலை.

ஞாயிறு மதியங்களில் உட்கார்ந்தோம். அங்கங்கே துளித்துளியாக மிச்சம் பிடித்து, உச்சி மாடிவரை வந்துவிட்டோம். அந்த வெளிநாட்டுக்காரரைவிடக் கொஞ்சம் வேகம்தான். ஆனால் மூன்றாவது மாடியில் அவரைப் போலவே நாங்களும் லிஃப்டுக்காகக் காத்து நின்றோம். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அந்த இடத்தைச் சும்மா கிளறிக்கொண்டிருந்தேன். ஏணியிலிருந்து தாவும்போது எரிகிற கட்டை ஒன்று வீரன்மேல் விழுந்தது. அடிபட்டவன் கீழே விழவில்லை. மேல்நோக்கி எகிறி மறைந்தான்.

"செத்துட்டானா?" என்றான் தோஸ்த்.

"இல்லடா. மேல் மாடில நிக்கிறான்!"

கூரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தான். இருவரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். நெருப்பு எங்கே விழும் என்பது நாங்கள் அங்கே எப்போது போய்ச் சேருகிறோம் என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் போனதால் மேலே எல்லாமே மாறிவிட்டது. பழைய பட்டன்களை ஓட்டினால் வீரன் நேராகத் தீயில் போய் நின்றான். பல மாத வேலை வீண்.

"பேஜாராப் போச்சு. பழசையே அனுப்பிடலாம்டா."

"இந்த வழி தெரிஞ்சப்புறம் அவன் லிஃப்டுக்கு நிக்கிறத என்னால பாக்க முடியாது."

அவன் என்னை முறைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேல் மாடிகளை முதலிலிருந்து மறுபடி செய்தோம். மழைக்காலம் முழுவதும் அதற்கே போனது.

அந்த வெப்சைட்டுக்கு அனுப்பிய வீடியோவுக்கு முதலில் பதில் எழுதியவர் அந்த வெளிநாட்டுக்காரர்தான். இந்த ஆட்டத்தில் இனி எடுக்க எதுவும் இல்லை என்று நினைத்திருந்தாராம். மூன்றாவது மாடியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். தன் வீடியோவை எடுத்துவிட்டு எங்களுடையதை வைக்கும்படி அவரே சொல்லியிருந்தார்.

தோஸ்த் சென்டரின் எல்லாத் திரைகளிலும் அதை ஓடவிட்டான். ரிசல்ட் பார்க்க வந்த ஒருவர், "இன்னா கேம்பா இது?" என்றார்.

"நாங்க பண்ணது," என்றான், ஆட்டத்தையே நாங்கள் உருவாக்கியதுபோல. நான் திருத்தவில்லை.

பிறகு வேறு இருவர் எங்களை மிஞ்சினார்கள். மேல் மாடிகளில் நாங்கள் யோசிக்காத வழிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். நிஜமாகவே அழகான வேலை. மூன்றாவது மாடியில் மட்டும் அதே கட்டை, அதே அடி. அவர்கள் வீடியோவுக்குக் கீழே குறிப்பில் எங்கள் இருவர் பெயரும், பக்கத்தில் ஆம்பூர் என்றும் போட்டிருந்தது.