பக்கத்து ரூமில் உட்காரச் சொன்னார்கள்

மூன்று வருஷம் முன்பு, சாரல் விடாமல் அடித்த ஒரு ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. கோட்டாறில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியில் நனைந்த குடையோடு நின்றிருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நாலு தடவை யோசித்தாயிற்று.

நான் குடித்தவள். சொல்லிவிட்டேன், இனி கதையைக் கேளுங்கள்.

என் கணவருக்கு வளைகுடாவில் வேலை. அவர் குடியைத் தொட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கென்று பாட்டில்கள் கொண்டுவருவார். மிச்சம் அலமாரியில் இருக்கும். தலைவலி என்று ஒரு மத்தியானம் ஒரு மூடி குடித்தேன். மூடி அரை டம்ளரானது. குறைந்த அளவுக்குக் கட்டஞ்சாயாவை ஆற்றி ஊற்றி வைப்பேன். பால் விடாத அந்தச் சாயாவின் நிறம் அச்சு அசலாகப் பொருந்தும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சரக்கு தீர்ந்ததும், தெரிந்த ஆட்டோக்காரரிடம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று புளுகி வாங்கினேன்.

ஒரு நாள் கணவரின் அண்ணன் நண்பரோடு வந்து, உரிமையாகப் பாட்டிலைத் திறந்து ஊற்றிக் குடித்தார். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அன்றைக்கே வளைகுடாவுக்குப் போன் போயிற்று. கணவர் சொன்னது இரண்டே விஷயம். ஓணத்துக்கு அவர் வருவதற்குள் நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிடுவார்.

அலமாரியைப் பூட்டிப் பார்த்தேன். சாவி என் இடுப்பில்தானே இருந்தது!

வழி காட்டியது, முட்டத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. தன் கணவர் குடியை விட்ட கதையை அவர் எல்லாரிடமும் சொல்வார். ஞாயிறு நாலு மணிக்குக் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம், பெயர்கூடக் கேட்க மாட்டார்களாம். என் தம்பிக்கு என்று சொல்லி இடத்தைக் கேட்டுக்கொண்டேன். பாவம், என் தம்பி இருமல் மருந்துக்கே முகம் சுளிப்பவன்.

மாடி ஏறியதும், வாசலில் நின்ற, கூட்டத்தை நடத்தும் அண்ணாச்சி, "குடும்பத்துக்காரங்க பக்கத்து ரூமு, தங்கச்சி" என்றார். வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தேன். குடிக்கிறவர்களின் மனைவிமார் ஏழெட்டுப் பேர். அப்பா வரும் நேரம் பார்த்துத் தன் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவதை ஒருத்தி சொன்னாள். என் மகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், அப்பாவுக்காக அல்ல, எனக்காக. பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்து, உங்கள் வீட்டுக்காரரும் மாறுவார் என்றாள். அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. எழுந்து வராந்தாவைக் கடந்து ஆண்கள் இருந்த அறைக்குள் போனேன்.

பேசிக்கொண்டிருந்தவர் பக்கத்து ரூமைக் கை காட்டினார்.

"எனக்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு," என்றேன். "நான்தான் குடிக்கேன்."

பொம்பளையாளை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்படியானால் நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த அண்ணாச்சி, "இது குடிச்சவங்களுக்க நாற்காலி. ஆணு பொண்ணுன்னு இதில எழுதிப் போடல்ல" என்றார். கையில் ஒரு டம்ளர் கட்டஞ்சாயா தந்தார்கள். அதைப் பார்த்ததும் பாட்டில் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். முணுமுணுத்தவரே முதலில் சிரித்தார். டாக்டரையும் பார்த்தே ஆகவேண்டும் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொன்னார், பார்த்தேன்.

மூலையில் மீன்கார அக்காவின் கணவர் இருந்ததைக் கிளம்பும்போதுதான் கவனித்தேன். நாளைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஆவணி பிறந்து, கணவர் வர ஒரு வாரம் இருந்தது. காலையில் அக்கா எங்கள் வாசலில் மீன் கூடையை இறக்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சாளை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்க தம்பி கூட்டத்துக்கு ஒழுங்காப் போறானா மக்கா?" என்று அக்கா கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. அக்காவின் கணவர் இத்தனை நாளும் கட்டின மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நானோ கூடப்பிறந்தவனைக் குடிகாரனாக்கிவிட்டு நிற்கிறேன். எனக்கே வெட்கமாகிவிட்டது.

"எக்கா, எனக்க தம்பி குடிக்க மாட்டான். போறது நான். குடிய விட்டு இன்னைக்கு அம்பது நாளாச்சு."

என் மகள் உள்ளேயிருந்து மீன் சட்டியோடு வந்து என்னை ஒட்டி நின்றாள். அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சட்டியில் சாளையை அள்ளிப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் கணவரின் போன் வந்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று கத்தினார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன். மகளை அனுப்புவதைப் பற்றி அவளிடமே கேளுங்கள் என்று போனை நீட்டினேன். "நான் எங்கயும் போவல்ல, அப்பா. அம்மாகூடத்தான் இருப்பேன்" என்றாள். ஓணத்துக்கு வந்தவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் ஞாயிறு. ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்து என்னைக் கோட்டாறில் கொண்டுவிட்டார்.

தெருவில் என்னைக் கண்டால் இன்றும் சிலர் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். இப்போதெல்லாம் ஒரு பெண் அந்தப் படியேறி வந்தால் அண்ணாச்சி பக்கத்து ரூமைக் கை காட்டுவதில்லை, யாருக்காக வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்கிறார். அவரை அப்படிக் கேட்க வைத்தவள் நான் என்கிற திமிர் எனக்கு நிறைய உண்டு, குடியை விட்டாலும் அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.