சல்லடையின் காலர் ட்யூன்

அந்த பம்பு மோட்டார் கம்பெனியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பத்தொன்பது வருஷமாக பிட்டர், எலக்ட்ரீஷியன், விற்பனை ஆள், கணக்கு எழுதுகிறவர் என்று யார் அந்தக் கம்பெனிக்குள் வந்திருந்தாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். நேர்காணல் செய்வது பெரியவர்களின் வேலை. வந்து குவிகிற விண்ணப்பங்களில் எதைப் பெரியவர்கள் கண்ணில் காட்டலாம், எதைக் காட்டாமலே கட்டிவைத்துவிடலாம் என்று முடிவு செய்வது அவளுடைய வேலை.

கையில் ஒரு பென்சில் இருக்கும். காகிதத்தின் வலது மூலையில் புள்ளி வைத்தால் ஆள் உள்ளே. பெருக்கல் குறி போட்டால் வெளியே. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று நொடி. அதற்கு மேல் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்பாள்.

மூன்று நொடியில் அவள் பார்ப்பது படிப்பையோ அனுபவத்தையோ அல்ல. அவை எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், பொய்யும் உட்பட. போட்டோவைப் பார்ப்பாள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி ஒட்டிய ஒருவரின் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் வளையலோடு மிச்சம் இருந்தது. பெருக்கல் குறி. மெயில் முகவரியைப் பார்ப்பாள். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு எழுதிய நாற்பது வயதுக்காரர் தன்னை 'இடி மன்னன் 007' என்று வைத்துக்கொண்டிருந்தார். பெருக்கல் குறி. 'உங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் சிறுவயதுக் கனவு' என்று உருகியிருந்த ஒரு பட்டதாரி, மேலே எதிர்க் கம்பெனியின் பெயரை எழுதியிருந்தார். அதற்கு இரண்டு பெருக்கல் குறி.

இதிலெல்லாம் தப்பித்தவர்களுக்கு ஒரு கடைசிப் பரீட்சை இருந்தது. அவள் போன் செய்வாள். அவர்கள் எடுப்பதற்கு முன்னால் ஒலிக்கிற காலர் ட்யூனைக் கேட்பாள். வெறும் மணி என்றால் நல்லது. சாமி பாட்டு என்றால் பரவாயில்லை. தவளைச் சத்தம், குழந்தை அழுகை, காதலில் தோற்றவரின் புலம்பல் என்றால், எதிர்முனையில் "ஹலோ" வருவதற்கு முன்பே வைத்துவிடுவாள். அந்த ஆளுக்கு ஒரு தவறிய அழைப்பு மிச்சம். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள்.

இப்படிக் கழித்துக்கட்டியதில் சிறந்தவற்றை ஒரு நீலக் கோப்பில் சேர்த்து வைத்திருந்தாள். தேநீர் நேரத்தில் அதிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துவிடுவாள். காலர் ட்யூன்களைக் குரல் மாற்றி நடித்தும் காட்டுவாள். அப்போது மேசையைச் சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ட்யூன் கதைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரிப்பு என்று அவள் யோசித்ததில்லை. தன் நடிப்புத் திறமை என்றே எடுத்துக்கொண்டாள்.

கம்பெனி கை மாறியது. புதிய முதலாளிகள் வந்த முதல் வாரமே சுற்றறிக்கை ஒட்டினார்கள்: எல்லாரும் அவரவர் வேலைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தது இரண்டு நாற்காலி, இனி ஒன்றுதான். ஒன்றில் அவள் இருந்தாள். இன்னொன்றில் நாலு வருஷத்துக்கு முன் சேர்ந்த உதவியாளர் இருந்தாள். அந்தப் பெண்ணை எல்லாரும் இன்னமும் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். புதுசையும் உள்ளே விட்டது சல்லடைதான். குறையே இல்லாத விண்ணப்பம் என்று அன்றைக்கு மெச்சியிருந்தாள். இப்போது அதே விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு குறையாவது கிடைக்குமா என்று தேடினாள்.

வீட்டில் நான்கு நாள் இதே பேச்சு. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பார். பத்தொன்பது வருஷம் பார்த்த வேலைக்கு எதற்குப் பயம் என்றார். பத்தொன்பது வருஷம் பார்த்ததால்தான் பயம் என்றாள் அவள். ஒரு விண்ணப்பம் எப்படிச் சாகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? கல்லூரி கடைசி வருஷத்தில் இருந்த மகளைக் கூப்பிட்டு, தன் பெயரும் இனிஷியலும் மட்டும் வருகிற மாதிரி புது மெயில் ஐடி போடச் சொன்னாள். ஸ்டூடியோவில் மூன்று முறை படம் எடுத்தாள். கடிதத்தில் கம்பெனியின் புதிய பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தாள். கடைசியில் அச்செடுத்து, மேசையில் வைத்து, மூன்று நொடி பார்த்தாள். பென்சிலை எடுத்துப் புள்ளி வைக்கப் போனவள், அசிங்கமாகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அறைக்கு அறை நடந்தாள். நேர்காணலுக்கு எதை உடுத்துவது என்று பீரோவைத் திறந்து துணிகளைப் புரட்டினாள், மூடினாள், துவைக்கிற இயந்திரத்தை ஓடவிட்டாள். பதினொன்றரைக்குப் பார்த்தால் கையில் போன் இல்லை.

மெத்தைக்கு அடியில் தேடினாள். பாத்திரங்களுக்கு நடுவில் தேடினாள். பதறிப்போய் மகளின் போனைப் பிடுங்கித் தன் எண்ணைத் தானே அழுத்திக் காதில் வைத்தாள். தன் எண்ணுக்குத் தானே கூப்பிடுவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காதுக்குள் ஒரு கழுதை நீளமாகக் கத்தியது. பிறகு ஒரு கூட்டம் சிரித்தது. அடுத்து ஜலதோஷம் பிடித்த ஓர் ஆண்குரல், "எடுக்கறேன் இரு, என்ன தலையா போகுது?" என்றது. மறுபடியும் கழுதை.

தப்பான எண் என்று வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே கழுதை. பீரோவுக்குள்ளிருந்து அவளுடைய போன் மணி அடிப்பதும் கேட்டது.

"இது என்னடி?" என்றாள்.

"என்னதும்மா?"

"கழுதை."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் ட்யூன்தானே? நான் நாலாவது படிக்கிறப்பலேர்ந்து இருக்கு. அந்த போன் கம்பெனிக்காரன் ஒண்ண அழுத்துங்கன்னு சொன்னா, நீதான் யோசிக்காம அழுத்துவியே."

"பதினோரு வருஷமாவா? ஏண்டி சொல்லல?"

"பிடிச்சுதான் வெச்சிருக்கேன்னு நெனச்சோம். அப்பாகூட சொன்னாரு, போகட்டும் விடு, உங்கம்மாகிட்ட சிரிப்பா இருக்கிறது அது ஒண்ணுதான்னு."

சல்லடை கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் நினைவுக்கு வந்தது வேலை அல்ல, தேநீர் மேசை. தவளை ட்யூனை அவள் நடித்துக் காட்டும்போது கணக்குப் பிரிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடுவாளே, அது எதற்கென்று இப்போது விளங்கியது.

பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். மகள் போனிலிருந்து வந்தவை போக நான்கு தவறிய அழைப்புகள், எல்லாம் பதினொன்றேகாலுக்குள், துவைக்கிற இயந்திரத்தின் சத்தத்தில் கேட்காமல் போனவை. அவள் அறிந்து, ஒரு விண்ணப்பதாரருக்கு யாரும் நான்கு தடவை கூப்பிட்டதில்லை. தன்னுடைய சட்டப்படி இந்த ஆளுக்குப் பெருக்கல் குறி. ட்யூனுக்கு ஒன்று, எடுக்காததற்கு ஒன்று. இனி மிச்சமிருந்தது, அவள் இத்தனை காலம் மதிக்காத காரியம் ஒன்றுதான். திரும்பக் கூப்பிட்டாள்.

எடுத்தது புதிய முதலாளிகளின் அலுவலகத்து இளம்பெண் ஒருத்தி. பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் மூச்சை அடக்குகிற சத்தம்.

"மேடம், நீங்களா? சாரி மேடம். முதல்ல நான்தான் பண்ணேன், சிரிப்பு தாங்கல, வெச்சுட்டேன். ரெண்டாவது எங்க ரூம்ல இருக்கிறவங்களுக்காகப் போட்டேன். மூணாவது அக்கவுண்ட்ஸ்ல கேட்டாங்க. நாலாவது எங்க சின்ன முதலாளி ஸ்பீக்கர்ல போடச் சொன்னாரு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துருங்க. யாருன்னு பாக்கணும்கிறாரு."

திங்கட்கிழமை சின்ன முதலாளி விளையாட்டு ஷூவோடு நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அவளுடைய விண்ணப்பம் மேசையில் இருந்தது. திறக்கப்பட்ட மாதிரி தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஸ்டூடியோ படத்தை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் புதுசின் விண்ணப்பமும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். ஏன் அந்த ட்யூன்?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால், ஊரார் ட்யூனைக் கேட்டு ஆளை எடைபோட்டவளுக்குத் தன்னுடையது பதினோரு வருஷமாகத் தெரியாது என்று சொன்னால், அந்த நாற்காலி அந்த நிமிஷமே புதுசுக்குப் போய்விடும். இதே மாதிரி அறைகளின் வாசலில் உட்கார்ந்து எத்தனை பேரின் பொய்யைக் கேட்டிருக்கிறாள். பொய்க்கு முன்னால் எல்லாரும் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார்கள். அவள் செருமாமல் பார்த்துக்கொண்டாள்.

"வேலை கேட்டு போன் பண்றவங்க நடுங்கிக்கிட்டுதான் சார் பண்ணுவாங்க. எடுத்த எடுப்பிலேயே சிரிச்சுட்டாங்கன்னா பயம் போயிடும். அதுக்காக வெச்சது."

சின்ன முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். இறுக்கமான கம்பெனிகளின் காலம் போய்விட்டது என்று கால் மணி நேரம் பேசினார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

நாற்காலி அவளுக்கே கிடைத்தது. புதுசை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் தப்பேதும் செய்துவிடவில்லை. அவளுடைய போனில் வெறும் மணி அடித்தது, அவ்வளவுதான். காலி செய்துகொண்டு போகும்போது, "வாழ்த்துகள் மேடம். நல்லா சிரிக்க வெச்சீங்க" என்றாள். குத்தலா மரியாதையா என்று சல்லடையால் பிரிக்க முடியவில்லை.

வேலை உறுதியான அன்றைக்கே ட்யூனை எடுத்துவிடப் போனாள். அதற்குள் சின்ன முதலாளி, ஆள் எடுக்கும் பிரிவின் பொது எண்ணுக்கும் அதே கழுதையை வைக்கச் சொல்லி ஆணை போட்டிருந்தார். பழசாகிவிட்டது, மாற்றிவிடலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அது உங்கள் கையெழுத்து மாதிரி, யாரும் தொடக் கூடாது என்றுவிட்டார். அன்றிலிருந்து வேலை கேட்டு யார் கூப்பிட்டாலும் முதலில் கழுதை பேசியது, அப்புறம் ஜலதோஷக்காரன், அதற்குப் பிறகுதான் அவள். நீலக் கோப்பு இழுப்பறையின் அடிக்குப் போனது. தேநீர் நேரத்தில் இப்போது அவள் தேநீர் மட்டும் குடித்தாள்.

மூன்று மாதம் கழித்து மோட்டார் சோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவைப்பட்டது. நூற்று அறுபது விண்ணப்பங்கள். பென்சில் வழக்கம்போல ஓடியது. நடுவில் ஒன்றில் நின்றது. நேராகப் பார்க்கிற முகம். சொந்தப் பெயரில் மெயில். அரைப் பக்கக் கடிதம், அதில் ஒரு வார்த்தை அதிகம் இல்லை. போன் செய்தாள், வெறும் மணி. பல வருஷத்துக்குப் பிறகு யோசிக்காமல் வைத்த புள்ளி அது. நேர்காணலில் பொறியாளர்கள் கேட்டதற்கெல்லாம் அந்த மனிதர் பதில் சொன்னார். தெரியாத ஒன்றைத் தெரியாது என்றே சொன்னார். எடுத்துக்கொண்டார்கள்.

சேரும் தேதியைச் சொல்ல அவளே கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம்" என்றார் அவர். "நேத்து அதைக் கேக்கத்தான் உங்க ஆபீஸ் நம்பருக்கு போன் பண்ணேன்."

"அப்படியா? யாரும் எடுக்கலையா?"

"எடுக்கறதுக்குள்ள நானே வெச்சுட்டேன். மூணு செகண்ட் இருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "வேற ஒரு இடத்துலயும் கூப்பிட்டிருந்தாங்க. அங்க சேர்ந்துக்கறேன் மேடம்."

சின்ன முதலாளியின் கொள்கையை எடுத்துச் சொல்லலாம். பயம் போக்கத்தான் என்று தன் பொய்யையே இன்னொரு முறை சொல்லலாம். அவள் இரண்டையும் சொல்லவில்லை. சரிங்க, நல்லா இருங்க என்று வைத்தாள்.

அவருடைய விண்ணப்பத்தைக் கட்டிலிருந்து உருவி எதிரில் வைத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்து, வலது மூலையில் இருந்த புள்ளியின் மேலேயே இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.