மெஷினுக்கு ஜுரம் பார்த்தவர்

செங்கம் ரோட்டு விடுதிகளுக்குக் கதவு செய்பவன் நான். மரத்தில் பூ செதுக்கும் சி.என்.சி. மெஷின் பார்க்க வேங்கிக்கால் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அங்கே புருவமெல்லாம் மரத்தூளோடு இன்னொரு தச்சர், ஓடுகிற ஒவ்வொரு மெஷின்மீதும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

"ஜுரம் அடிக்குதாண்ணே?" என்றேன்.

"ஆட்டம் இருக்கானு பாக்குறேன். சின்னது ஆடுது, முழுக் கதவும் புடிக்காது. பெருசா ஒண்ணு சேந்து எடுத்துக்கலாமா? காலையில நீங்க, மத்தியானத்துக்கு மேல நான்."

முன்பின் தெரியாதவரோடு கூட்டா? மெஷினைவிட எனக்கு ஆட்டம் ஜாஸ்தியானது. "வீட்டுல இருக்கிற ஒரு கூட்டாளியையே சமாளிக்க முடியலீங்க!" என்று வழக்கம்போல் ஜோக்கில் ஒளிந்துகொண்டேன்.

ஜோக்கின் தகுதிக்கு மேலாகவே சிரித்தார். பெரிய மெஷினை இன்னொரு முறை தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சின்னதை வாங்கினேன்.

இப்போது கதவைப் பாதி செதுக்கி, நகர்த்தி வைத்து, மீதியைச் செதுக்குகிறேன். மயிலுக்குக் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கடையில் விசாரித்தேன், அவர் அப்புறம் வரவே இல்லையாம்.

என் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சும்மா நிற்கும் மெஷின்மீது கை வைத்துப் பார்க்கிறேன். ஆட்டமே இல்லை.