கைதட்டிப் பிரித்த சொல்

இந்த ஊர்ப் பள்ளிகளில் நீளமான சொற்களைக் கைதட்டித்தான் கற்றுத்தருகிறார்கள். ஓர் அசைக்கு ஒரு தட்டு. இங்கிலாந்தில், இதே லெஸ்டரில் பிறந்த என் எட்டு வயது மகள் யாழினி, சாப்பாட்டு மேசையில் 'ஹிப்போபாட்டமஸ்' என்று தட்டிக் காட்டி என்னையும் சொல்லச் சொல்வாள். தப்பினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வெளியார் சிரிப்பதில்லை. "உங்கள் உச்சரிப்பு அழகு" என்பார்கள். நான் சொன்னது புரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதுகூடத் தெரியாமல் ரொம்ப நாள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரணாம்பட்டில் எங்களுக்கு அசை பிரித்துத் தந்தது பிரம்பு. ஓர் அசைக்கு ஓர் அடி. 'போட்டோசிந்தசிஸ்' பாடம் நடந்த அன்று உள்ளங்கை வீங்கி வீட்டுக்கு வந்த என் அண்ணன் முருகன், அதன்பின் பள்ளிக்கூடம் இருந்த திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தோல் கம்பெனியில் சேர்ந்துகொண்டு, "லெதருக்கு ரெண்டு அடிதான், தாங்கிக்கலாம்" என்று எங்களைச் சிரிக்கவைத்தான். தோலைத் தேய்க்கும் மெஷினில் நின்று இத்தனை வருடமும் அந்தத் தூசியைத்தான் மூச்சாக இழுத்தான்.

போன மாதம் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனான். சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்களாம். நாளைக்கு வீட்டு ஆளைக் கூட்டி வா என்று அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, மறந்துவிடாமல் இருக்க பஸ்ஸில் வழி முழுக்க முணுமுணுத்தபடி வந்து எனக்குப் போன் செய்தான். அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அடினோ... காரு... சீமா. அப்டித்தான் இன்னமோ சொன்னாங்க, பாப்பா."

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவின் ரிப்போர்ட்டுகளை டைப் அடிப்பது என் பிழைப்பு. தினமும் விரல் அடிக்கும் சொல் வாயில் தானாக வந்துவிட்டது: அடினோகார்சினோமா. யாழினிக்கு அது புதுச் சொல், அவ்வளவுதான். ஓடிவந்து போன் முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். அ-டி-னோ-கார்-சி-னோ-மா. கடைசி 'னோ'வை அழுத்த வேண்டும் மாமா, இன்னொரு முறை. எப்போதும் இரண்டு வார்த்தையோடு ஓடிவிடும் மருமகள் இவ்வளவு நேரம் பேசுகிறாளே என்று அண்ணன் சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னான். நடுவில் இருமினான். மறுபடி சொன்னான். நான் தடுக்கவில்லை. பாடம் நடக்கும்வரை அவன் அர்த்தம் கேட்கமாட்டான் என்று பாழும் மனசு கணக்குப் போட்டது.

கடைசியில் பிசகில்லாமல் சொல்லிவிட்டான். யாழினி வெரி குட் என்றாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கிடைக்காத பாராட்டு அது.

"மருமவளே கரெக்ட்னுட்டா. இப்ப நீ சொல்லு பாப்பா, தமிழ்ல அதுக்கு இன்னா பேரு?"

யாழினி அந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் தட்டுவதற்குக் கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.