வியன்னா பஸ்ஸில் ஏறிய டப்பா

இலிங்காவைத் தேடி வருகிறவர்கள் முன்கதவைத் தட்டமாட்டார்கள். பன்றிக் கொட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து, சமையலறை ஜன்னலைத்தான் தட்டுவார்கள். கையில் ஏதாவது ஒரு துணி இருக்கும். புருஷனின் பழைய சட்டை, மகனின் காலுறை, பேச்சை முறித்துக்கொண்ட தங்கையின் தலைத்துணி. அதே பெண்கள் பகலில் வீதியில் எதிர்ப்பட்டால், "சூனியக்காரி வரா, தள்ளு" என்று குழந்தைகளை இழுத்து ஓரங்கட்டுவார்கள். இலிங்காவுக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. இருபத்து மூன்று வயதில் ஊரே பயப்படும்படி இருப்பதில் ஒரு வசதியும் இருந்தது. ரொட்டிக்கடை வரிசையில் எப்போதும் அவளை முன்னால் விட்டுவிடுவார்கள்.

பிரிந்தவரை வரவழைக்கும் இந்த வித்தையை யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. அவளுக்குப் பதினாறு வயது நடக்கும்போது பக்கத்துவீட்டு பார்பு கிழவர் செத்துப்போனார். நாற்பதாம் நாள் படையலுக்கு இனிப்பு செய்துதரும்படி அவளிடம் சொல்லியிருந்தார்கள். பன்றிக்கொழுப்பும் மாவும் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன வட்டமாய் வெட்டிச் சுட்டு, காட்டுரோஜாப் பழ ஜாமால் இரண்டிரண்டாக ஒட்டி, பொடித்த சர்க்கரையில் புரட்டி எடுக்கும் ஒட்டு பிஸ்கட். பிசையும்போது அவள் கிழவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நாட்களில் இரண்டு மகன்களின் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டபடி கிடந்தாரே என்று நினைத்தாள். அந்த மகன்கள் ஒரு பிளம் தோட்டத்துக்காக ஒன்பது வருடமாய்ப் பேசிக்கொள்ளாதவர்கள். படையலன்று மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவன் ஒரு பிஸ்கட்டைக் கடித்தான். மென்றுகொண்டே எழுந்து போய் மூத்தவன் முன்னால் நின்றான்.

"அண்ணே, அப்பா கடைசியா உன்னத்தான் கேட்டாரு. நான் உனக்குச் சொல்லி அனுப்பல. வேணும்னேதான் அனுப்பல."

இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் படையல் மெழுகுவத்தி ஒயின் குவளைக்குள் விழுந்தது. அன்றிலிருந்து ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் செய்வதெல்லாம் இவ்வளவுதான். வரவேண்டியவரின் துணியிலிருந்து ஒரு நூலை உருவி மோதிர விரலில் சுற்றிக்கொள்வாள். மாவு பிசையும்போது அவர் பெயரைச் சொல்லி, "வா" என்று மாவுக்குள் மூன்று தடவை சொல்லுவாள். பிறகு நூலை அடுப்பில் போட்டுவிடுவாள். அந்த பிஸ்கட்டைத் தின்றவர் எங்கிருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார். பாதிரியார் இதைக் கண்டித்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். மூன்றாவது வாரம் அவருடைய மனைவி, நோவி சாத் நகரத்தில் படிக்கும் மகனின் பனியனோடு ஜன்னலைத் தட்டினாள்.

அவர்கள் ஊரான ராபோவாவில் வா என்று கூப்பிடவேண்டியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊரில் பாதிப்பேர் வியன்னாவில் இருந்தார்கள். அங்கே செங்கல் சுட்டு, மாடிப்படி துடைத்து, இங்கே இரண்டடுக்கு வீடு கட்டி, வாசலில் சிமெண்டுச் சிங்கங்களை உட்காரவைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் மூன்று வாரம் ஊரில் காரும் கல்யாணமுமாக இருக்கும். மற்ற நாட்களில் சிங்கங்கள்தான்.

இலிங்காவின் அம்மா மரியோராவும் அப்படித்தான் போனாள், இலிங்காவுக்குப் பத்து வயதாக இருந்தபோது. "கூரைய மாத்திட்டு, கிணத்தக் கட்டிட்டா வந்துடுவேன்டி, ரெண்டே வருஷம்" என்றாள். கூரை மாறியது. கிணறும் கட்டியாயிற்று. ஐந்து ஆகஸ்டுகள் வந்தாள். ஆறாவதில் காபித்தூளும் நைலான் காலுறையும் மட்டும் வந்தன. அங்கே யாரோ ஒருவரோடு இருக்கிறாள் என்று ஊர் சொல்லியது. செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பா பாவுன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காபித்தூளை மட்டும் அவர் தொடுவதில்லை.

ஊருக்கெல்லாம் ஆளை வரவழைப்பவள் தன் அம்மாவை ஏன் வரவழைக்கவில்லை என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. யோங்கா மட்டும் கேட்பாள். மூன்று வீடு தள்ளி இருந்தவள், இலிங்காவைவிட ஆறு வயது பெரியவள், அவளுக்கு இருந்த ஒரே தோழி.

"பயமா இருக்குக்கா" என்பாள் இலிங்கா.

"வந்துடுவாளோன்னா?"

"வரலைன்னா?"

யோங்காவின் புருஷன் ட்ரைலா ஐந்து வருடமாய் வியன்னாவில் செங்கல் சூளையில் இருந்தான். எழுபத்தைந்தாம் ஆண்டு செப்டம்பரில் ஒருநாள், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, யோங்கா அவனுடைய சட்டையைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். முன்கதவு வழியாகவே வந்தாள்.

"சின்னவன் நேத்து தபால்காரரப் பாத்து அப்பாங்கறான். போதும்டி. கூப்பிட்டுக் குடு."

ராபோவா சதுக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வியன்னா பஸ் கிளம்பும். டிரைவர் ராதிஷா மனிதர்களைவிடப் பொட்டலங்களைத்தான் அதிகம் ஏற்றுவார். பன்றித்தொடை, மிளகாய் ஊறுகாய், பிளம் சாராயம். இலிங்காவின் தகர டப்பாவை மட்டும் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். "நான் ஒண்ணு எடுத்துத் தின்னா என்னம்மா ஆகும்?" என்று அன்று கேட்டார். "ட்ரைலா வீட்டுக்கு வந்து நிப்பீங்க, மாமா. யோங்காக்கா வெறகு வெட்டச் சொல்லுவா" என்றாள் இலிங்கா.

இரண்டாவது வாரம் திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து ட்ரைலா இறங்கினான். கையில் பெட்டி இல்லை. காலில் சூளை பூட்ஸ், தலைமயிரில் செங்கல் தூள். வேலைக்கு நடுவில் அப்படியே கிளம்பி வந்திருந்தான். யோங்கா சதுக்கத்திலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஊரே வேடிக்கை பார்த்தது.

அன்று சாயங்காலம் இலிங்கா அம்மாவின் மரப்பெட்டியைத் திறந்தாள். அடியில் நீலக் கட்டம் போட்ட ஒரு சமையல் ஏப்ரன் மடித்து வைத்திருந்தது. அதை எடுத்தாள், திரும்ப வைத்தாள். இப்படி இரண்டு மாதம் எடுப்பதும் வைப்பதுமாய்ப் போயிற்று. நவம்பரில், ஒரு புதன்கிழமை, அதிலிருந்து ஒரு நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டாள்.

பாவுன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உங்கம்மாவோடது."

"ஆமாப்பா."

அவர் வெளியே போய்க் கிணற்றடியில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியை மரத்தில் மாட்டி முகச்சவரம் செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் அவர் சவரம் செய்து இலிங்கா பார்த்ததே இல்லை.

மாவுக்குள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். மூன்று தடவை போதும். அவள் எத்தனை தடவை வா என்று சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை டப்பாவை ராதிஷாவிடம் கொடுத்துவிட்டு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் தட்டப்பட்டது. ட்ரைலா.

"உள்ள வரலாமா?" என்று கேட்டு வந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் அவன் கூரை ஒழுகலை அடைத்திருந்தான், வேலியை நிமிர்த்தியிருந்தான், குழந்தைகளுக்குச் சறுக்குவண்டி செய்து கொடுத்திருந்தான். முகம் மட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுடையதைப் போல இருந்தது.

"எனக்குத் தெரியும், நீதான்னு. திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் இவங்களப் பாக்கணும்னு வந்தேனா, இல்ல உன் பிஸ்கட்டு இழுத்துச்சா?"

இலிங்கா கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே. வந்துட்டீங்கல்ல."

"ஒண்ணு இல்லம்மா. அடுத்த வருஷம் புனித ஜார்ஜ் பண்டிகைக்கு வந்துடறதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். படுக்கைக்கு மேல சுவத்துல தேதியெல்லாம் கிழிச்சிட்டே இருந்தேன். எப்படி வருவேன், எந்தச் சட்டை போட்டுட்டு இறங்குவேன், சின்னவன எப்படித் தூக்குவேன், எல்லாம் நெனச்சு நெனச்சுதான் அங்க தூங்குவேன். நானே வந்திருப்பேன். அந்த வரவ நீ எடுத்துட்ட. இப்ப யோங்கா என்னப் பாத்துச் சிரிக்கறப்பல்லாம், இது எனக்கு வந்த சிரிப்பா, உன் டப்பாவுக்கு வந்த சிரிப்பான்னு தோணுது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது, தளர்ந்திருந்த ஜன்னல் கொக்கியைத் திருகிச் சரிசெய்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இலிங்கா மாவு படிந்த உடையோடு சதுக்கத்துக்கு ஓடினாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"டப்பாவக் குடுங்க மாமா."

"ஏம்மா? விலாசம் சரியாத்தானே இருக்கு. உங்கம்மாவுக்குத்தானே?"

"குடுங்க."

ராதிஷா அவள் முகத்தைப் பார்த்தார். டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தின்ன முடியாது, எறியவும் முடியாது. கடைசியில் இரண்டு பன்றிகளுக்கும் கொட்டினாள். அவள் திரும்பி நான்கடி வைப்பதற்குள் கொட்டில் கதவு உடைந்தது. அன்று முழுக்க அந்தப் பன்றிகள் அவளைவிட்டு அகலவில்லை. கிணற்றுக்குப் போனால் கிணற்றுக்கு வந்தன. ரொட்டிக்கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றன. வீட்டுக்குள் விடாதபோது கதவில் மூக்கை வைத்து, விட்டுப்போன பிள்ளையைத் தேடும் தாயைப் போலக் கத்தின. மூன்று நாள் இது நடந்தது. சிரித்துச் சிரித்து ஊர் ஓய்ந்துபோயிற்று. இலிங்கா மட்டும் மூன்றாம் நாள், பெரிய பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை வருடத்தில் யாரும் அவளை அப்படித் தேடி வந்ததில்லை.

அந்த வாரமே அவள் யோங்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கூப்பிட்டதை விடுவிக்க ஒரு வழி இருக்கலாம். அவன் வந்திறங்கிய அன்று போட்டிருந்த சட்டை வேண்டும். "வா" என்று சொன்ன இடத்தில் "உன் இஷ்டம்" என்று சொல்லவேண்டும்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் யோங்கா. "போயிட்டான்னா?"

"போகலாம்."

"நல்லா இருக்குடி உன் நியாயம்! உங்கம்மா வரலைன்னு என் புருஷன அனுப்பப் பாக்கறியா?"

இலிங்கா கொடியில் காய்ந்த அந்தச் சட்டையிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு போனாள். மறுநாள், "உன் இஷ்டம்" சொல்லிச் செய்த பிஸ்கட்டுகளை ஒரு தட்டில் வைத்து மூடி யோங்காவின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பத்து நாள் அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. பதினோராம் நாள், ட்ரைலா வாசலில் நின்று பாதையை வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த யோங்கா, தானே ஒன்றை எடுத்துப் போய் அவன் வாயில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் பஸ் ஏறினான். குழந்தைகளை முத்தமிட்டு, ஜார்ஜ் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். யோங்கா இலிங்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் மற்றவர்களைப் போல அவளும் ஓரமாக நடந்தாள்.

ட்ரைலா சொன்னபடி மே மாதம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. சின்னவனைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினான். ஆனால் தங்குவதற்கு வரவில்லை. அவர்களைக் கூட்டிப்போக வந்திருந்தான். அங்கே இரண்டு அறை வீடு பார்த்துவிட்டானாம். கிளம்பும் நாளன்று யோங்கா கோழிகளையும் நாயையும் கொண்டுவந்து இலிங்காவின் முற்றத்தில் விட்டாள்.

"நாய் வெங்காயம் போட்டா தின்னாது. பாத்துக்க" என்றாள். அப்புறம் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அவரு தானா வந்தாருடி" என்று காதில் சொன்னாள். அந்தத் தெருவில் இன்னொரு வீடு பூட்டப்பட்டது.

அந்தக் கோடையில்தான் இலிங்கா அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"மாவு பிசைங்கப்பா."

"நானா? இந்தக் கையிலயா?"

"என் கை பட்டா எதாவது ஒட்டிக்கும். நீங்க பிசைஞ்சா வெறும் மாவுதான்."

பாவுன் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து, பாறை உடைப்பதைப் போலப் பிசைந்தார். ஒட்டு பிஸ்கட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், சில தடியாய், சில கருகி வந்தன. இலிங்கா டப்பாவில் ஒரு கடிதம் வைத்தாள்: 'அம்மா, இதில் ஒன்றும் இல்லை. அப்பா பிசைந்தது. பயப்படாமல் சாப்பிடு.'

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தபால் ஆபீஸ் குமாஸ்தா வூக்கா ஆள் அனுப்பினாள். வியன்னாவிலிருந்து போன். இலிங்கா ஓடிப்போய் எடுத்தாள். மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"கல்லு மாதிரி இருக்குடி" என்றது அம்மாவின் குரல். "காபில முக்கிக்கூட ஊறல. அந்த மனுஷன் உப்பு வேற போட்டிருக்கான்."

"எத்தன சாப்பிட்ட?"

"எல்லாம்."

வூக்கா முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு உன் பிஸ்கட்டு பத்தி எல்லாரும் சொன்னாங்க" என்றாள் மரியோரா. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் பஸ் வர்றப்போ போய் நிப்பேன். எனக்கு ஒரு டப்பா வந்துடுமோன்னு பயந்துட்டே நிப்பேன். வரலைன்னா நடந்தே வீட்டுக்குப் போவேன். பஸ்ல, டிராம்ல ஏறத் தோணாது."

"வான்னு சொல்லட்டுமாம்மா? சும்மா, வாயால?"

"இப்ப சொல்லாத. அடுத்த செவ்வாக்கெழம போன் பண்றேன். அப்பயும் சொல்லாத. பாக்கலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அம்மா பெரும்பாலும் முக்கியமில்லாததைத்தான் பேசுவாள். தான் துடைக்கும் மாடிப்படிகள், மூட்டுவலி, அங்கே கிடைக்கும் மாவில் பசையே இல்லை என்பது. கூட இருந்தவர் தன்னை விட்டுப் போய்விட்டார் என்பதை ஒரு தடவை, வானிலை சொல்வதைப் போலச் சொன்னாள். இப்போது மூன்று வருடம் ஆகிறது. மரியோரா வரவில்லை. இலிங்கா வியன்னாவுக்கு டப்பா அனுப்புவதை அடியோடு விட்டுவிட்டாள். சட்டையோடு வருகிறவர்களிடம், "திங்கப்போறவர இங்க வரச் சொல்லுங்க. எதுக்குன்னு அவர்கிட்டயே சொல்லித்தான் குடுப்பேன்" என்கிறாள். பாதிப்பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அடுப்பே மூட்டுவதில்லை. பதினோரு மணிக்குத் தலைவாரி, தபால் ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். போன வாரம் பாவுனும் சுரங்கத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். போன் மணி அடித்ததும் எழுந்தவர், வூக்காவிடமிருந்து ரிசீவரை வாங்கி, மகளிடம் கொடுக்காமல் தன் காதிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.